வெறும் கீபோர்டு

காலை ஆறு நாற்பதுக்கு ஷூ கம்பெனி பஸ் மாதனூர் வந்தது. செண்பகமும் ஜெனிஃபாவும் ஏறி, வழக்கமாக உட்காரும் சீட்டில் உட்கார்ந்தார்கள். செண்பகம் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, கோர்ட்டில் உத்தரவு ஆகிவிட்டது என்றாள்.

அவள் கணவர் இன்பராஜ் சாட்சி சொல்லலாம். வாய் பேச முடியாதவர் என்பதால், ஜெனிஃபா செய்து கொடுத்த பெட்டியிலேயே எழுதிச் சொல்லலாம். வீட்டு லேப்டாப்பில் மட்டும் கூடாது. அது வார்த்தைகளைத் தானே முடித்துக் கொடுக்கும், யாராவது முன்கூட்டியே எழுதியும் வைத்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்திருந்தார். பெட்டியைக் கோர்ட் கணினியில் சொருகி, அங்கேயே எழுத வேண்டும். திங்கட்கிழமை விசாரணை. வெள்ளிக்கிழமை மதியம் ஒருமுறை சொருகிப் பார்த்துக்கொள்ளலாம்.

“எந்தக் கம்ப்யூட்டர்ல சொருவினாலும் வேலை செய்யுமா ஜெனி?”

செய்ய வைக்க வேண்டும் என்றாள் ஜெனிஃபா.

செண்பகம் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருவரும் பேசியிருக்க வேண்டியது வேறொன்று இருந்தது. இரண்டு வருடமாக ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தும் அதைப் பேசியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆம்பூர் ஓரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் சேறு அடைத்துக்கொண்டது. சத்தார் இறங்கினார். மேலே வரவில்லை. அவரைத் தூக்க தேவசகாயம் இறங்கினார். இருவரையும் தூக்க இன்பராஜ் இறங்கினார். கயிறு கட்டி இழுத்து மேலே போட்டபோது இன்பராஜுக்கு மட்டும் மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து வீடு வந்து சேர்ந்தார். கண், காது, புத்தி எல்லாம் முன்போலவே இருந்தன. உடம்பில் அசைந்தது இடது ஆள்காட்டி விரல் ஒன்றுதான்.

அன்றைய ஷிப்டுக்கு சூப்பர்வைசர் ஆல்வின். ஜெனிஃபாவின் அண்ணன். அம்மா போன பிறகு அவளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துப் படிக்க வைத்தவன். இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு போன் பேச கேட் பக்கம் போனேன், அவர்களாகவே இறங்கிவிட்டார்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்திருந்தான். கோர்ட்டில் கூண்டேறி அதையே சொல்லியும் முடித்துவிட்டான். அவன் சொன்னது முதலாளியின் பக்கத்துக்குப் போதுமானதாக இருந்தது. இன்பராஜ் வேறு விதமாகச் சொன்னால் ஆல்வின் சாட்சிக் கூண்டிலிருந்து குற்றவாளிக் கூண்டுக்குப் போக வேண்டியிருக்கும். இது ஜெனிஃபாவுக்குத் தெரியும். செண்பகத்துக்கும் தெரியும். தெரிந்தேதான் செண்பகம் அவளிடம் வந்து, இந்த ஒரு விரலை வைத்து ஏதாவது பண்ண முடியுமா என்று கேட்டாள்.

முடிந்தது. ஷூ கம்பெனியில் பார்கோடு ஸ்கேனர்கள் ஜெனிஃபாவின் பொறுப்பு. ஸ்கேனர் தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டுதான் கணினிக்குள் நுழைகிறது. அட்டைப்பெட்டியில் படித்த எண்ணை, ஒரு ஆள் உட்கார்ந்து தட்டுவதுபோலத் தட்டிக் கொடுக்கிறது. கணினிக்கு வித்தியாசம் தெரியாது. அதே வேலையை அவள் ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியின் திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது இன்பராஜ் விரலால் சுவிட்சை அழுத்துவார். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக ஒளிரும். மறுபடி அழுத்துவார். ஒரு வார்த்தை முடிந்ததும் பெட்டி அதைக் கணினியில் தட்டும்.

முதல் நாள் வந்த வார்த்தைகள் இரண்டு. ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன.

உப்பு
கம்மி

செண்பகம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு, “பேச்சு வந்த உடனே கொறை சொல்ல ஆரம்பிச்சிட்டாரு பாரு” என்றாள்.

அதற்குப் பிறகு அவர் ஃபேனைப் பற்றி எழுதினார், மகளின் மார்க்கைப் பற்றி எழுதினார், முதுகில் ஊறும் எறும்பைப் பற்றி எழுதினார். தொட்டியைப் பற்றி எழுதவில்லை. வீட்டில் எழுதினால் சொல்லிக்கொடுத்து எழுத வைத்ததாகப் பேச்சு வரும் என்று அவர்கள் வக்கீல் தடுத்திருந்தார். ஜெனிஃபா பக்கத்தில் இருந்த ஒரு நாள் மட்டும் அவர் அவளைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார்.

ஆல்வின்
நல்லா
இருக்கானா

இருக்கிறான் என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

உத்தரவு வந்த அன்றிலிருந்து ஜெனிஃபா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணினி கணினியாக ஏறி இறங்கினாள். வீட்டில் பேசிய பெட்டி, ஆம்பூர் நெட் சென்டரில் பாதி எழுத்துகளை விழுங்கியது. அங்கிருந்த பழைய கணினிக்கு அந்த வேகம் தாங்கவில்லை. வேகத்தைக் குறைத்தாள். சர்ச் ஆபீஸ் கணினியில் முதல் எழுத்து மட்டும் காணாமல் போனது. அது விழித்துக்கொள்வதற்குள் பெட்டி பேச ஆரம்பித்துவிடுகிறது என்று புரிய ஒரு மாலை ஆனது. தயார் என்று கணினி பதில் சொல்லும்வரை பெட்டியைக் காத்திருக்க வைத்தாள். பள்ளிக்கூடத்துக் கணினியில் ‘அம்மா’ என்பதற்குப் பதில் வாயில் நுழையாத ஏதோ வந்தது. கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்று மட்டும்தான் சொல்லும். அதை எந்த எழுத்தாக எடுத்துக்கொள்வது என்பது கணினியின் இஷ்டம். தமிழ்நாட்டில் புழக்கத்தில் உள்ள தட்டச்சு முறைகளில் எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குமிழ் வைத்தாள்.

குடியாத்தத்தில் ஒரு விசைத்தறி ஆபீஸில்கூடச் சொருகிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஓடியது.

வெள்ளிக்கிழமை மதியம் வேலூர் கோர்ட்டில் ஓடவில்லை.

கணினியைப் பார்த்துக்கொண்ட ஊழியர் சுந்தரமூர்த்தி. ஓய்வுக்கு நெருங்கிய வயது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே சொருகினார். திரையின் மூலையில், நிர்வாகியால் தடுக்கப்பட்டது என்று ஒரு கட்டம் வந்து நின்றது. யாரோ பென் டிரைவ் போட்டு வைரஸ் வந்ததிலிருந்து கீபோர்டையும் மவுஸையும் தவிர எதையும் உள்ளே விடுவதில்லை என்றார்.

“இதுவும் கீபோர்டுதான் சார்.”

“நான் ஒத்துக்கறேம்மா. அது ஒத்துக்கணுமே.” தன்னுடைய கீபோர்டைத் தட்டிக் காட்டினார். “இதுல பாதி எழுத்து அழிஞ்சு போச்சு. கட்டை விரலால ஒரு குத்து விட்டாதான் இடைவெளி விழும். இதை ஒத்துக்குது. புதுசா நீ கொண்டாந்தது வேணாங்குது. ஒரே பேஜாரு.”

காரணம் ஜெனிஃபாவுக்குப் புரிந்தது. சொருகியவுடன் கணினி முதலில் கேட்பது, நீ யார் என்பது. அவள் பெட்டி அதற்கு மூன்று பதில் சொன்னது. நான் கீபோர்டு. நான் மவுஸ். கூடவே ஒரு தனி வழியும் வைத்திருக்கிறேன். அந்த வழியில்தான் அவள் தன் லேப்டாப்பிலிருந்து பெட்டிக்குள் போய்ப் பார்ப்பாள், வேண்டியதை மாற்றுவாள். மற்றக் கணினிகளெல்லாம் மூன்று பதிலையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தன. இது அந்த மூன்றாவதைப் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமைக்குள் சரி செய்துவிடுவதாகச் சொன்னாள். வெளியே செண்பகமும் வக்கீலும் நின்றிருந்தார்கள். கிளம்புகிறவளை சுந்தரமூர்த்தி நிறுத்தி, பதில் எழுதும் இடத்தையும் பார்த்துக்கொள் என்றார். கேள்வி மேலே. பதிலுக்கு ஒரு கட்டம் கீழே. அதில் தன் பெயரைத் தட்டி என்டரைத் தட்டினார். கட்டம் மூடிக்கொண்டது. பதில் நேரத்தோடு பதிவாகிவிட்டது.

“என்டர் விழுந்தா விழுந்ததுதான். அப்புறம் ஜட்ஜ் ஐயாவே சொன்னாலும் அதுல கை வைக்க முடியாது.”

ஜெனிஃபா அந்த மூடிய கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷூ கம்பெனியில் ஒவ்வொரு ஸ்கேனரும் எண்ணுக்குப் பின்னால் ஒரு என்டர் தட்டும். தட்டினால்தான் அடுத்த அட்டைப்பெட்டிக்கு அடுத்த வரி கிடைக்கும். அந்தப் பழக்கத்தில், பெட்டிக்குள்ளும் வார்த்தைக்குப் பின்னால் ஒரு என்டரை வைத்திருந்தாள். அதனால்தான் இன்பராஜின் பேச்சு ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கியது. அவரும் அதற்குப் பழகிவிட்டார். வீட்டில் எல்லோருமே பழகிவிட்டார்கள். அவர் பேச்சு அப்படித்தான் என்று ஆகிவிட்டது. இந்தக் கட்டத்திலோ முதல் வார்த்தையோடு அவர் வாய் மூடிவிடும். மிச்சத்தை அவர் மூடிய கட்டத்தின் முன்னால் அழுத்திக்கொண்டிருப்பார். இவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

வெளியே வந்ததும் செண்பகம் இன்னா ஆச்சு என்று கேட்டாள். கணினி தடுக்கிறது, எடுத்துவிடலாம் என்று ஜெனிஃபா சொன்னாள். என்டரைப் பற்றிச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பெட்டியின் திருகுகளைக் கழற்றி, அது கணினிக்குச் சொல்லும் பதிலைத் திருத்தினாள். மவுஸ் போனது. தனி வழி போனது. கீபோர்டு மட்டும் மிஞ்சியது. இனிமேல் மூடியைத் திறக்காமல் அவளாலும் பெட்டிக்குள் போக முடியாது. அது நல்லதுதான். அவள் ஆல்வினின் தங்கை என்பது செண்பகத்தின் வக்கீலுக்கு ஒரு கவலையாகவே இருந்தது. நிரலில் என்டர் இருந்த வரியைத் தாண்டித் தாண்டிப் போனாள். அதைத் தொடவில்லை. எழுந்து துணி துவைத்தாள். துவைத்ததைக் காயப்போட்டாள். திரும்பி வந்தபோதும் வரி அங்கேயே இருந்தது. கணினி தடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. இது அவளுக்கு மட்டும் தெரிந்தது. விட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கணினிக்குக் கணினி இப்படித்தான் மாறும் என்று சொன்னால் நம்புவார்கள். செண்பகம் முதலில் நம்புவாள்.

திருத்தியதைச் சோதிக்க, கோர்ட்டில் உள்ளதுபோலவே பூட்டுப் போட்ட ஒரு கணினி தேவை. சுற்றுவட்டாரத்தில் அவளுக்குத் தெரிந்து அப்படி ஒன்றுதான் இருந்தது. வெளிநாட்டு வாங்குவோரின் கெடுபிடியால் தோல் தொழிற்சாலையில் மேனேஜர்களின் லேப்டாப்புகளுக்கு அப்படிப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சம்பவத்துக்குப் பிறகு ஆல்வின் மேனேஜர் ஆகியிருந்தான்.

போனில் அவனைக் கூப்பிட்டு எதற்கென்று மறைக்காமல் சொன்னாள். ஆராதனை முடிந்து எடுத்து வருவதாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடே ஆம்பூரிலிருந்து வந்தான். லேப்டாப்பை மேஜைமேல் வைத்து, பாஸ்வேர்டைப் போட்டு அவள் பக்கம் தள்ளினான். அவள் பெட்டியைச் சொருகினாள். தடுப்பு வரவில்லை. கீபோர்டு இணைக்கப்பட்டது என்று வந்தது.

“அவ்ளோதானா?”

“இன்னொன்னு இருக்குதுண்ணா.”

என்டரைப் பற்றிச் சொன்னாள். கோர்ட்டில் அந்தக் கட்டம் மூடிக்கொள்வதைச் சொன்னாள். பதில் முதல் வார்த்தையோடு நின்றுவிடும் என்றாள். அவள் சொல்லி முடித்த பிறகு அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. நின்று நின்று மறுபடியும் உதைத்தார்கள். கடைசியில் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“நீ என்னைக் கேக்கவே இல்லையே ஜெனி. ரெண்டு வருஷமா.”

“நான் கேட்டு இன்னா ஆவப்போவுது. கேக்க வேண்டியவங்க நாளைக்குக் கேப்பாங்க.”

ஆல்வின் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எதிர்பார்த்தது, அவன் அதை மாற்ற வேண்டாம் என்று சொல்வான் என்பது. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தண்ணீர் கேட்டான். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். லேப்டாப்பிலிருந்து பெட்டியைப் பிடுங்கி, தன் கணினிக்கு மாற்றி, மூடியைத் திறந்து, அந்த வரியை அழித்தாள்.

என்டர் இருந்த இடத்தில் ஓர் இடைவெளியை வைத்தாள். எழுத்துகளுக்கெல்லாம் கடைசியில் ‘முடிந்தது’ என்று ஒரு கட்டம் சேர்த்தாள். அதை அழுத்தினால்தான் என்டர் விழும். அதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

மூடியைப் பொருத்தித் திருகுகளை இறுக்கினாள். பெட்டியை மறுபடி அவன் லேப்டாப்பில் சொருகினாள்.

“ஏதாவது எழுதிப் பாரு. ரெண்டு வார்த்தையாவது இருக்கணும்.”

அவன் சுவிட்சைக் கையில் வாங்கினான். பழக்கம் இல்லாத கை. வரிசைகள் ஓடின. தவறவிட்டான். திரும்ப வரக் காத்திருந்தான். இன்பராஜ் இதை எத்தனை மாதமாகச் செய்கிறார் என்று அவன் நினைத்திருக்கலாம். நினைக்காமலும் இருந்திருக்கலாம். அவன் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. முதல் வார்த்தைக்கே சட்டையின் முதுகு நனைந்தது. ஜெனிஃபா திரையைப் பார்த்தாள்.

சத்தார் தேவசகாயம்

ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆல்வின் முடிந்தது என்பதை அழுத்தவில்லை. சுவிட்சை மேஜையில் வைத்தான். லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் போய்விட்டான்.

திங்கட்கிழமை இன்பராஜை வேனில் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலி கோர்ட் ஹாலின் வாசல்படியில் ஏறவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் தூக்கி வைத்தார்கள். செண்பகம் அவர் தலையைச் சீவி, நெற்றியை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். கம்பெனிக்கு அவளும் ஜெனிஃபாவும் லீவு போட்டிருந்தார்கள்.

பெட்டியை நீதிபதி கையில் வாங்கிப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, வெளியிலிருந்து யாராவது இதற்குள் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். முடியாது, திருகுகளைக் கழற்றினால்தான் முடியும் என்று ஜெனிஃபா சொன்னாள். அப்படியானால் திருகுகளின் மேல் முத்திரை வையுங்கள் என்றார் நீதிபதி. சுந்தரமூர்த்தி அரக்கை உருக்கி வைத்து முத்திரையை அழுத்தினார். அரக்கு வாசனை ஹாலில் பரவியது. அவரே பெட்டியைச் சொருகினார். திரையைப் பார்த்தார். ஜெனிஃபாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பெயரும் ஊரும் கேட்டார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். காற்றாடி சுற்றியது. சுவிட்ச் விழும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் பதில் வந்து நின்றது.

இன்பராஜ் மாதனூர்

செண்பகம் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். “ஒரே வரியில வருது” என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

ஆல்வின் பின் பெஞ்சில் இருந்தான். அவன் சாட்சியம் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அவன் உட்காரத் தடையில்லை. வர மாட்டான் என்றுதான் ஜெனிஃபா நினைத்திருந்தாள். ஆனால் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். தன் வேலை முடிந்து அவள் பின்னால் வந்தபோது நகர்ந்து இடம் கொடுத்தான். சின்ன வயதில் பஸ்ஸில் இடம் கொடுப்பதுபோல, ஜன்னல் பக்கத்தை அவளுக்கு விட்டான். அங்கே ஜன்னல் இல்லை, சுவர்தான் இருந்தது.

நீதிபதி மெதுவாக, ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படி கேள்வியைப் படித்தார். சம்பவ தினத்தன்று தொட்டிக்குள் இறங்கும்படி யாராவது சொன்னார்களா? சொன்னார்கள் என்றால் யார் சொன்னது?

கேள்வி திரையின் மேல் ஏறியது. கீழே வெறும் கட்டம் திறந்தது.

இன்பராஜ் உடனே அழுத்தவில்லை. வரிசைகள் மேலிருந்து கீழே ஓடி முடிந்து, மறுபடி மேலிருந்து ஓடின. எதிர்த்தரப்பு வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செண்பகம் கணவரின் தோளைத் தொடப் போய், தொடக்கூடாது என்று சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

சுவிட்ச் விழுந்தது. இன்னொருமுறை விழுந்தது. வார்த்தை முடிகிறவரை கோர்ட் திரையில் எதுவும் வராது. பெட்டியின் சின்னத் திரை ஜெனிஃபா இருந்த இடத்துக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாத, ஒரே நிதானமான சத்தம். அவள் தன்னையறியாமல் எழுத்துகளை எண்ணத் தொடங்கி, எண்ணுவதை நிறுத்தினாள்.

பக்கத்தில் ஆல்வின் முன்பக்கம் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்திருந்தான். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

“ஜெனி, நான் இருக்கட்டுமா, போவட்டுமா?”